ஒரு வாளி ஈரமணல்

தாஸா ஊரில் ஒரு பெண்ணுக்கு வயிற்றில் பிள்ளை தங்கியிருக்கிறதா இல்லையா என்பதை டாக்டருக்கு முன்னால் சொல்லிவிடுகிற கை ஒன்று இருந்தது. அது யம்னாவின் கை. பழைய கோட்டைச் சுவரை ஒட்டிய பொதுக் குளியல் வீட்டில், பெண்கள் வருகிற நேரத்தில், இருபத்தாறு வருஷமாக அழுக்குத் தேய்த்துவிடுகிறவள். கறுப்புச் சோப்பைப் பூசி ஊறவைத்து, சொரசொரப்பான கையுறையை மாட்டிக்கொண்டு முதுகு, தோள், தொடை எல்லாம் உரித்தெடுப்பாள். கடைசியில் ஆளை மல்லாக்கப் போட்டு, கையுறையைக் கழற்றிவிட்டு, வெறுங்கையால் அடிவயிற்றை ஒரு தடவு தடவுவாள். அவ்வளவுதான்.

"என்னடி, மாமியார்கிட்ட சொல்லிட்டியா?"

"எதைக்கா சொல்லணும்?"

"எதையா? ரெண்டு மாசம் தாண்டியாச்சு. போ, போய் உட்காரு. இனிமே அந்த வாளியைத் தூக்கினே, நானே உன்னை அடிப்பேன்."

அடுத்த வாரமே சர்க்கரைக் கட்டியும் பால் குப்பியும் எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் மாமியார் யம்னா வீட்டு வாசலில் நிற்பாள். ஊருக்கெல்லாம் நல்ல செய்தி சொன்ன கைக்குச் சொந்த வயிற்றில் மட்டும் சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் அவளுக்கு இருந்தது மிலூத் ஒருத்தன்தான்.

மிலூத் ஃபெஸ் ஊருக்குப் போகிற பஸ்ஸில் கண்டக்டர். வாய் என்றால் அப்படியொரு வாய். ஏறுகிற கிழவியிடம் கல்யாணம் பேசுவான், கோழி கொண்டுவருகிறவனிடம் கோழிக்கும் டிக்கெட் கேட்பான். "உன் புருஷன் பஸ்ஸுல போனா காதுல பஞ்சு வச்சுக்கணும்" என்று பக்கத்து வீட்டு பத்தூல் சொல்வாள். யம்னாவுக்கு அதில் பெருமை. நாளெல்லாம் நீராவிக்குள் கிடந்துவிட்டு வந்தவளுக்கு அந்த வாய்தான் ரேடியோ, அதுதான் பிள்ளை குட்டி.

அந்த வாய் ஒரு மார்ச் மாத வெயிலில் நின்றுபோனது. காபிக் கடையில் சீட்டு ஆடிக்கொண்டிருந்தவன் கையிலிருந்த சீட்டு நழுவியது. குனிந்து எடுக்கப் போனவன் எழவே இல்லை. வலது பக்கம் முழுக்கச் செத்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. பெரிய ஆஸ்பத்திரியில், மூளையில் ரத்தம் அடைத்துவிட்டது, கை காலுக்குப் பயிற்சி கொடுங்கள், பேச்சு வந்தாலும் வரும் என்றார்கள். வந்தாலும் வரும். இப்படி ஒரு வார்த்தையைக் கொடுத்து ஒரு பொம்பளையை வீட்டுக்கு அனுப்புகிறவர்களை என்ன சொல்வது? யம்னா அந்த 'லும்'மைப் பிடித்துக்கொண்டு ஐந்து மாசம் நின்றாள். கட்டிலில் கிடந்தவனுக்கு இடது கை மட்டும் சொன்னபடி கேட்டது. தண்ணீர் வேண்டுமென்றால் காட்டும். வேறு எதையாவது காட்டினால் அவளுக்குப் புரியாது, அவனுக்குக் கோபம் வரும், அவள் அழுவாள், அப்புறம் அவனும் அழுவான்.

"இது வியாதியில்லடி," என்றாள் பத்தூல். "அவ்வளவு பேசுற மனுஷனுக்கு நாக்கு மட்டும் போகுமா? கண்ணு பட்டிருக்கு. தஹாமிகிட்ட போ. பச்சோந்தி வச்சிருக்காரு."

மூலிகைக் கடை தஹாமி கூண்டிலிருந்து இருந்ததிலேயே பெரிய பச்சோந்தியை எடுத்துக் காட்டினார். "நல்ல ஆணு. போன வாரம்தான் ஆலிவ் தோப்புல பிடிச்சது. ஆளோட தலைமாட்டுல ஒரு கிளையைக் கட்டி அதுல விடு. அவன் மேல இருக்கிற கண்ணையெல்லாம் இது தன் மேல இழுத்துக்கும். கறுத்துச்சுன்னா இழுக்குதுன்னு அர்த்தம். அப்புறம் ரெண்டு விஷயம். வேலை முடியிற வரைக்கும் வெறுங்கையால தொடாதே. கால் தரையில படவிடாதே. பட்டுச்சுன்னா இழுத்ததெல்லாம் உன் வீட்டுலயே இறங்கிடும்."

"வேலை முடிஞ்சதுன்னு எப்படித் தெரியும்?"

"உன் புருஷன் என்னைத் திட்டுவான் இல்ல, அப்ப தெரியும்," என்று சிரித்தார் தஹாமி.

ஜன்னல் கம்பியில் அத்திக் கிளையைக் கட்டி அதில் பச்சோந்தியை விட்டாள். மிலூத் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மலைமேல் பார்லி வயலுக்கு நடுவே பிறந்து, பன்னிரண்டு வயசு வரைக்கும் ஆடு மேய்த்தவன். பச்சோந்தி ஒன்றும் அவனுக்குப் புதுசில்லை. பழைய சிநேகிதனைப் பார்த்ததுபோல் அவன் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அவளுக்குத் தஹாமி மேல் நம்பிக்கை வந்ததே அப்போதுதான்.

குளியல் வீட்டுக் கொதிகலன் அறைப் பக்கம் கொழுத்த செங்கரப்பான்கள் திரியும். அவற்றைத் தகர டப்பாவில் பிடித்துக்கொண்டு வந்து கிளையில் விடுவாள். பச்சோந்தி ஒரு கண்ணால் கரப்பானையும் இன்னொரு கண்ணால் மிலூத்தையும் பார்க்கும். பிறகு நாக்கு போய் வந்ததே தெரியாது, கரப்பான் இருக்காது. முதல் தடவை அதைப் பார்த்தபோது மிலூத் சிரித்தான். பாதி முகம்தான் சிரித்தது, ஆனாலும் சிரிப்பு. தொண்டையிலிருந்து "கா" என்று ஒரு சத்தமும் வந்தது. அவள் கையிலிருந்த டப்பாவைப் போட்டுவிட்டாள், வீடெல்லாம் கரப்பான் ஓடியது. ஐந்து மாசத்தில் அவள் வயிறாரச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

ஆகஸ்டும் செப்டம்பரும் நன்றாகவே போயின. இலையில் விரலால் தண்ணீர் தெளிப்பாள், அது துளித் துளியாகக் குடிக்கும். பச்சையாக, அமைதியாக இருந்தது. மிலூத்தும் இரண்டு தரம் "கா" சொன்னான்.

அக்டோபர் பிறந்ததும் அது சாப்பிடுவதை நிறுத்தியது. கரப்பான் மூக்குக்கு நேரே நடந்து போனாலும் திரும்பிப் பார்க்கவில்லை. மேலெல்லாம் கறுத்தது; கறுப்புக்கு நடுவே மஞ்சள் புள்ளி புள்ளியாக எழும்பியது. வயிறு உப்பியது.

பத்தூல் வந்து பார்த்தாள். பார்த்தவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "யம்னா, பாருடி. எவ்வளவு இழுத்திருக்கு பாரு. வயிறு கொள்ளாம இழுத்திருக்கு. யார் யார் கண்ணோ."

"நிஜமாவா சொல்றே?"

"வேற என்ன? தின்னாம ஒண்ணுக்கு வயிறு வீங்குமா? அந்த மனுஷன் வாயைத் திறக்கப்போறான், பாத்துக்கிட்டே இரு."

யம்னா அன்று குளியல் வீட்டில் பாடிக்கொண்டே தேய்த்தாள். கறுப்பு ஏற ஏற அவளுக்குச் சந்தோஷம் ஏறியது. இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தாள்.

பச்சோந்திக்கோ ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கிளையில் மேலும் கீழும் நடந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்து இறங்கி, சுவர் மூலையில் முன்னங்காலால் பிராண்டியது. முற்றத்தில் புதினாத் தொட்டி ஒன்று இருந்தது. தலை எந்நேரமும் அந்தப் பக்கமே திரும்பியிருந்தது. தரையைத் தொட இன்னும் ஒரு சாண் இருக்கும்போது யம்னா ஓடிவந்து, தேய்ப்புக் கையுறையை மாட்டிக்கொண்டு, பூப்போலத் தூக்கி மறுபடி கிளையில் விடுவாள். "எங்கடா போறே ராசா? வேலை முடியலியே. இன்னும் கொஞ்சம்தான், பொறுத்துக்கோ." ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. அவள் இல்லாத நேரத்தில் இறங்கிவிடுமோ என்று பயந்து கிளையைச் சுற்றிப் பழைய வலையைக் கட்டினாள்.

அந்த வலையைக் கட்டிய அன்றுதான் மிலூத்தின் இடது கை போர்வையைப் பிராண்ட ஆரம்பித்தது. நாலு விரலையும் வளைத்து, தன் பக்கமாக இழுத்து இழுத்து. அவளைப் பார்ப்பான், பிராண்டுவான். ஜன்னலைப் பார்ப்பான், பிராண்டுவான். "கா, கா" என்பான்.

"தண்ணியா? அரிக்குதா? எங்க அரிக்குது, காட்டுங்க."

இல்லை என்று தலையை ஆட்டுவான். மறுபடி பிராண்டுவான்.

யம்னாவின் அம்மா போகும்போது இப்படித்தான் கடைசி இரண்டு நாள் போர்வையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். மாமனாரும் அப்படித்தான். அது சாவின் கை. பத்தூலிடம்கூட அவள் சொல்லவில்லை. சொன்னால் உறுதியாகிவிடும் என்று பயம். அவன் கையைப் பிடித்து முத்தமிட்டு, போர்வைக்கு அடியில் வைத்து, போர்வையின் ஓரத்தை மெத்தைக்குக் கீழே இறுக்கிச் செருகினாள். "வேணாங்க. அதைச் செய்யாதீங்க. என்னை விட்டுட்டுப் போகாதீங்க." போர்வைக்கு அடியில் அந்தக் கை கொஞ்ச நேரம் அசைந்துவிட்டு அடங்கியது. மிலூத் கண்ணை மூடிக்கொண்டான், ஓரத்தில் தண்ணீர் வழிந்தது. அவனும் சாவை நினைத்துத்தான் அழுகிறான் என்று அவள் எண்ணிக்கொண்டாள்.

குளியல் வீட்டுக்கு வியாழக்கிழமை தோறும் வருகிறவள் இஷ்ராக். அரசாங்க மாட்டு டாக்டர். ஆட்டுக்கும் கழுதைக்கும் ஊசி போட்டுக்கொண்டு மலை மலையாகச் சுற்றுகிறவள். கல்யாணமாகாதவள், யம்னாவைச் சித்தி என்று கூப்பிடுகிறவள். முதுகைத் தேய்த்துக்கொண்டே யம்னா பேச்சை எடுத்தாள்.

"டாக்டரம்மா, இந்தப் பச்சோந்திக்கு எல்லாம் வியாதி வருமா?"

"வராம என்ன சித்தி. யார் வீட்டுல?"

"தெரிஞ்சவங்க வீட்டுல."

இஷ்ராக் குப்புறப் படுத்தபடியே சிரித்தாள். "சரி, தெரிஞ்சவங்க வீட்டுப் பச்சோந்தி. சாப்பிடுதா?"

"பத்து நாளா இல்ல."

"கண்ணு?"

"குழி விழுந்த மாதிரி இருக்கு. பகல்லயும் மூடிக்குது."

"பகல்ல கண்ணை மூடுனா நல்லதில்ல. தண்ணி பத்தலை. நிறம்?"

"கறுப்பு. மஞ்சப் புள்ளி."

இஷ்ராக் தலையைத் தூக்கினாள். "ஆணா, பொண்ணா?"

"ஆணு. கடைக்காரரு சொன்னாரு."

"கீழ இறங்கித் தரையில திரியுதா? எதையாவது தோண்டப் பாக்குதா?"

யம்னாவின் கை ஒரு நொடி நின்றது. தரை என்ற சொல்லை வெளியே விட்டாலே வேலை கெட்டுவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. இன்னொன்று, அவள்தான் இறங்க விடவில்லையே. கால் தரையில் படவில்லை என்பது உண்மைதானே. "இல்ல," என்றாள்.

"அப்ப வெயில் பத்தலை. வீட்டுக்குள்ளயே இருந்தா எலும்பு இளகிடும், பூச்சி பிடிக்கவும் தெம்பு இருக்காது. காலையில வெயில்ல வைக்கச் சொல்லுங்க, நிறையத் தண்ணி தெளிக்கச் சொல்லுங்க. நாலு நாள்ல தேறலைன்னா என்கிட்ட எடுத்துட்டு வரச் சொல்லுங்க. இது என் வேலையில்ல, ஆனா பாக்குறேன்."

கேட்க வேண்டியதையெல்லாம் அந்தப் பெண் சரியாகத்தான் கேட்டாள். இரண்டு பதில் தப்பு. மருந்தும் தப்பாகப் போனது.

வெயிலில் வைத்தாள், தண்ணீர் தெளித்தாள். நாலு நாள் போய் எட்டு நாள் ஆயிற்று. வீட்டைவிட்டு வெளியே எடுத்தால் இழுத்ததெல்லாம் என்னாகும் என்ற பயத்திலேயே டாக்டரிடம் போகாமல் இருந்தாள். எட்டாம் நாள் காலையில் பச்சோந்தி கிளையிலிருந்து வலையில் விழுந்து கிடந்தது. பிடிப்பு விட்டுப்போயிருந்தது. கட்டிலில் மிலூத் போர்வையை எப்படியோ உதைத்துத் தள்ளிவிட்டு, வெறும் மெத்தையைப் பிராண்டிக்கொண்டிருந்தான். நகத்தில் ரத்தம் கசிந்தது. அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். இது செத்தால் அவனும் போய்விடுவான். அவளுக்கு அது ஒன்றுதான் தெரிந்தது. கையுறையால் பச்சோந்தியை எடுத்துச் சால்வையில் சுற்றிக்கொண்டு ஓடினாள்.

கால்நடை ஆஸ்பத்திரித் திண்டில் நாலைந்து பேர் ஆட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தன், "என்னம்மா, இதுக்கும் ஊசியா?" என்று கேலி பண்ணினான். அவள் யாரையும் பார்க்காமல் உள்ளே போய் மேஜையில் சால்வையை விரித்தாள்.

இஷ்ராக் வெறும் விரலால் அதன் வயிற்றை இரண்டு பக்கமும் மெல்லப் பிடித்தாள். பிறகு, "சித்தி, உங்க கையைக் கொடுங்க," என்றாள்.

"தொடக்கூடாதும்மா. தஹாமி சொல்லியிருக்காரு."

"கொடுங்க."

கையுறையைக் கழற்றினாள். இஷ்ராக் அவள் விரல் இரண்டை எடுத்து அந்தக் கறுத்த வயிற்றில் வைத்தாள். அரை நொடி. இருபத்தாறு வருஷமாகத் தெரிந்த விஷயம் விரல் நுனியில் வந்து நின்றது. திராட்சைக் குலையைத் துணிக்கு மேலே தொடுகிற மாதிரி, உருண்டை உருண்டையாக, நெருக்கமாக.

"பொண்ணு," என்றாள் யம்னா.

"ஆமா."

"எத்தனை இருக்கும்?"

"முப்பது இருக்கலாம். நாள் தள்ளிப்போச்சு சித்தி. இதுங்க ஈரமண்ணுல குழி தோண்டித்தான் முட்டை விடும். குழி கிடைக்கலைன்னா விடாது. விடாம வச்சிருந்தே சாகும். அதனாலதான் தரையில இறங்குதான்னு கேட்டேன்."

"இறங்குச்சு," என்றாள் யம்னா. "நான்தான் விடலை."

இஷ்ராக்கிடம் இருந்ததெல்லாம் ஆட்டுக்கும் மாட்டுக்கும் உள்ள மருந்து. இதன் உடம்புக்கு ஒரு சொட்டுகூட அதிகம். வாயில் கொஞ்சம் தண்ணீர் விட்டாள். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. ஒரு வாளியில ஈரமணல் கொட்டி அதுல விடுங்க. தோண்டத் தெம்பு இருந்தா பிழைக்கும். இப்ப அது ஒண்ணுதான் வழி."

வீடு கட்டுகிற இடத்தில் கெஞ்சி மணல் வாங்கினாள். ஒரு வாளி ஈரமணல். ஊருக்கெல்லாம் நல்ல சேதி சொன்னவள் வீட்டில் அந்தப் பச்சோந்திக்கு அத்தனை நாளும் கிடைக்காமல் போனது அதுதான். மிலூத்தின் கட்டிலுக்குப் பக்கத்தில், அவன் பார்க்கிற மாதிரி, வாளியை வைத்தாள். பச்சோந்தியை வெறுங்கையால் எடுத்து மணலில் விட்டாள்.

அது கொஞ்ச நேரம் கிடந்தது. பிறகு முன்னங்காலை நீட்டி மணலை இழுத்தது. ஒரு பிடி. நாலு விரலையும் வளைத்து, தன் பக்கமாக. இன்னொரு பிடி.

கட்டிலில் சத்தம் கேட்டுத் திரும்பினாள். மிலூத்தின் இடது கை மெத்தையில் அதே மாதிரி இழுத்துக்கொண்டிருந்தது. நாலு விரலையும் வளைத்து, தன் பக்கமாக. அது இழுக்க இழுக்க, இவனும் இழுத்தான். பார்வை அதன் மேலேயே இருந்தது, உதடு அசைந்தது. ஆடு மேய்த்த காலத்தில் வயல் வரப்பில் அவை தோண்டுவதை எத்தனை தடவை பார்த்திருப்பான்.

யம்னா தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வாரமாக அவன் சாகப்போகிறேன் என்று சொல்லவில்லை. அதை இறக்கி விடு, அதுக்குக் குழி வேணும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். நோயில் விழுந்து ஏழு மாசம் ஆயிற்று. தனக்காக அல்லாமல் அவன் அவளிடம் சொல்ல வந்த முதல் பேச்சு அது. முழுசாக, தெளிவாக, தினமும் சொன்னான். அவள் அந்தக் கையைப் பிடித்துப் போர்வைக்குள் செருகி மெத்தையால் கட்டிப்போட்டாள்.

மூன்றாவது பிடி மணலை எடுக்க நீட்டிய கால் அப்படியே நின்றது. அவள் மணலை அள்ளிக் குழி பறித்துக் கொடுத்தாள், இரண்டு கையாலும், முழங்கை வரைக்கும். "இந்தா, இந்தா, இதோ குழி." பச்சோந்தியின் வலது கண் மெல்லத் திரும்பி மிலூத் பக்கம் போய், அங்கேயே நின்றுவிட்டது. சாயங்காலத்துக்குள் செத்த உடம்பின் கறுப்பு போய் ஒரு வெளிர்பச்சை வந்தது. எட்டிப் பார்த்த பத்தூல், "வேலை முடிஞ்சிருச்சுடி" என்றாள். யம்னா அவளை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

"எனக்குப் புரியலைங்க," என்று மிலூத்தின் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு அழுதாள். "நீங்க சொன்னது இப்பதான் புரியுது. இன்னொண்ணு சொல்லுங்க. எதையாவது சொல்லுங்க, இனிமே கேக்குறேன்."

அவன் சாகவில்லை. அதற்கப்புறம் இரண்டு வருஷம் இருந்தான். தினமும் குளியல் வீட்டிலிருந்து வந்ததும் அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அந்த இடது கைக்குக் கீழே தன் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள். தண்ணீர் வேண்டுமென்றால் கை காட்டியது. வேறு எதையும் அது காட்டவே இல்லை.